பந்து பட்டால் மட்டும் போதுமா?

கிரிக்கெட்டில் பந்து காலில் பட்டால் பதினோரு பேரும் "ஹவ்ஸ் தட்!" என்று கத்துவார்கள். அமெரிக்க பேஸ்பாலில் கதையே தலைகீழ். வீசிய பந்து மட்டையாளர் மேல் பட்டால் அவருக்கு முதல் பேஸ் இலவசம். மூன்று பேஸிலும் ஆள் நின்றால் ஒரு ரன்னும் வந்துவிடும். அப்புறம் என்ன, முழங்கையை நீட்டினால் போதுமே என்கிறீர்களா?

அங்கேதான் விதி குறுக்கே நிற்கிறது. ஸ்ட்ரைக் எல்லைக்குள் வந்த பந்து பட்டால் அது ஸ்ட்ரைக். வெளியே போகும் பந்தானாலும், விலக முயலாமல் வாங்கிக்கொண்டால் வெறும் 'பால்'. இரண்டுக்கும் பேஸ் கிடையாது. ஷாட்டும் ஆடாமல், விலகவும் முயலாமல் நின்றவருக்கு நம்ம கிரிக்கெட்டில் லெக்பை கிடையாதே, அதே நியாயம்தான்!

ஆனால் சொல்ல நடுவருக்குத் துணிச்சல் வேண்டும். 1968 மே 31, லாஸ் ஏஞ்சல்ஸ். ஒன்பதாவது இன்னிங்ஸ், பேஸ் மூன்றிலும் ஆள். டான் டிரைஸ்டேல் வீசிய பந்து டிக் டீட்ஸ் மேல் பட்டது. "விலக முயலவில்லை, பேஸ் இல்லை" என்றார் நடுவர் ஹாரி வெண்டல்ஸ்டெட். எதிரணி மேனேஜர் குதித்தார், வெளியேற்றப்பட்டார். தீர்ப்பு மாறவில்லை.

2021 ஏப்ரல் 8, நியூயார்க். அதே ஒன்பதாவது இன்னிங்ஸ், அதே நெருக்கடி, ஸ்கோர் 2-2. மைக்கேல் கான்ஃபோர்ட்டோ ஸ்ட்ரைக் எல்லைக்குள் முழங்கையை நீட்டினார். நடுவர் ரான் குல்பா பேஸ் கொடுத்துவிட்டார். ஆட்டம் குளோஸ்! 'அவுட் கொடுத்திருக்க வேண்டும்' என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். என்ன பிரயோஜனம்? ரீப்ளேயில் பந்து பட்டதா என்று மட்டும்தான் பார்க்க முடிந்தது. மற்றதெல்லாம் நடுவரின் கணிப்பு என்று விட்டுவிட்டார்கள். அதையும் ரீப்ளேயில் பார்க்க விட வேண்டும் என்பேன்.

'பாவம், அடிபட்டவனுக்கே தண்டனையா?' என்று கேட்கலாம். 1920-ல் ரே சாப்மன் தலையில் பந்து பட்டு மறுநாள் இறந்தே போனார். ஆபத்து நிஜம். அரை விநாடிக்குள் வந்துவிடும் பந்துக்குத் திகைத்து நின்றவருக்குத் தாராளமாகப் பேஸ் கொடுங்கள். ஆனால் அடிபட்டவர் வேறு, அடியைத் தேடிப் போனவர் வேறு. இருவருக்கும் ஒரே பரிசு என்றால், நாளைக்கு எல்லாரும் முழங்கையால்தான் ஆடுவார்கள்!

எனவே நடுவர் அவர்களே, பந்து எங்கே பட்டது என்று மட்டும் பார்க்காதீங்க. பட்டவர் என்ன செய்தார் என்றும் பாருங்க!