தோற்கிறவன் கட்டும் வேலி



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். விளையாட்டில் தொடங்கி யானை வேலியில் முடியும்.

போன கிழமை ஒரு வாப்பா பாடசாலைக்கு வந்தார். மகன் ஒன்பதாம் ஆண்டு. "சேர், இவன் எந்நேரமும் கொம்பியூட்டர்ல டவர் கட்டி வெளையாடுறான். கேட்டா நீங்கதான் காட்டித் தந்தீங்களாம். படிக்கத்தானே அனுப்புறோம்?" என்றார். குரலில் கோபம் இருந்தது. நியாயமான கோபம்தான். உண்மையில் நாங்கள்தான் காட்டிக் கொடுத்தோம். கணனி அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள் மூன்று பேரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. வேறு பெற்றோருக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

விளையாட்டின் பெயர் டெஸ்க்டொப் டவர் டிஃபென்ஸ். 2007இல் போல் ப்ரீஸ் என்பவர் உருவாக்கியது. அப்போது பிரவுசரைத் திறந்தால் போதும், எதையும் இறக்கிப் பதிய வேண்டியதில்லை. எங்களில் இரண்டு பேர் கல்வியியல் கல்லூரியில் இருந்த காலத்தில் இரவுப் படிப்பு முடிந்ததும் இதில்தான் கிடந்தோம். (அந்நாள் விரிவுரையாளர்கள் யாராவது வாசித்தால் மன்னிக்கவும்.) 2020 டிசம்பர் 31ஓடு அடோபி நிறுவனம் ஃபிளாஷைக் கைவிட்டபோது இந்த மாதிரி விளையாட்டுகள் எல்லாம் ஓடாமல் போயின. ரஃபிள் என்ற இலவச மென்பொருள் பழையவற்றில் பலதைத் திரும்ப ஓட வைத்தது. எங்கள் பழைய கணனிகளுக்கும் அது பாரமில்லை. இதில் இரத்தம் தெறிக்கிற காட்சி கிடையாது. காசு கட்டச் சொல்லாது. முன்பின் தெரியாத ஆளோடு பேச வேண்டியதும் இல்லை. ஃப்ரீ ஃபயரில் கிடக்கிற பிள்ளையை இதற்குக் கொண்டுவந்ததே எங்களுக்குப் பெரிய விஷயம்.

விளையாட்டு இவ்வளவுதான். திரையில் ஒரு மேசையின் மேற்பரப்பு. இடது வாசலால் சின்னச் சின்ன உருவங்கள் கூட்டமாக வந்து வலது வாசலால் வெளியேறப் பார்க்கும். இன்னொரு கூட்டம் மேலிருந்து கீழே போகும். ஒன்று தப்பினால் உங்கள் உயிரில் ஒன்று குறையும். கையிலிருக்கும் காசுக்கு டவர் வாங்கி, விரும்பிய இடத்தில் வைத்து, அவை வெளியேறுமுன் சுட வேண்டும். ஒவ்வொன்றும் விழ விழக் காசு வரும். அலை அலையாக வருவார்கள், ஒவ்வொரு அலையும் முந்தியதை விடப் பலம்.

புதிதாக விளையாடுகிற எல்லாரும் முதலில் செய்வது ஒரே பிழை. நாங்களும் அதையே செய்தோம். வாசலடியிலேயே ஒரு நேர்ச்சுவர் கட்டுவது. 'உள்ளேயே விடக் கூடாது' என்ற எண்ணம். ஆனால் பாதையை முழுதாக அடைக்க இந்த விளையாட்டு விடாது. எப்போதும் ஒரு வழி திறந்திருக்க வேண்டும். ஆகவே ஒரு சின்ன இடைவெளி விட்டு மீதி எல்லாவற்றையும் மூடுவோம். கூட்டம் அந்த இடைவெளியால் நுழையும். நுழைந்த பிறகு முன்னால் வெட்டவெளி. எங்கள் காசு முழுக்க வாசலடியில் முடங்கிக் கிடக்கும். சில அலைகளுக்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

வெல்கிற பிள்ளை வேறு மாதிரி யோசிக்கிறான். "வரட்டும், ஆனா நான் சொல்ற பாதையால வரட்டும்" என்கிறான். மிக மலிவான பெலட் டவர், ஒன்று 5 காசு, அவற்றை வரிசை வரிசையாக வைத்துப் பாதையைப் பாம்பு மாதிரி வளைக்கிறான். ஒரு வரிசையின் மேல் நுனி திறந்திருக்கும், அடுத்த வரிசையின் கீழ் நுனி திறந்திருக்கும். பத்து அடியில் கடக்க வேண்டிய தூரத்தை நூறு அடி நடக்கிறார்கள். சுடுவதற்கு நேரம் கிடைக்கிறது. பிறகுதான் பெரிய டவர். அதையும் வாசலில் வைப்பதில்லை, பாதை இரண்டு மூன்று தடவை பக்கத்தால் சுற்றிப் போகும் வளைவின் நடுவில் வைக்கிறான். ஒரு டவர் மூன்று டவரின் வேலையைச் செய்கிறது.

இதை விளங்கிக்கொண்டால் மற்றது எல்லாம் சின்ன விஷயம். காசு வந்தால் புதிதாகப் பத்து வாங்குவதை விட, நல்ல இடத்தில் நிற்கும் ஒன்றைத் தரமுயர்த்துவது மேல். தரமுயர்த்தும் நேரத்தில் அந்த டவர் சுடாது என்பதால் கூட்டம் உள்ளே இருக்கும்போது அதில் கைவைக்க வேண்டாம். உறைய வைக்கும் டவர் ஒன்று வளைவில் இருந்தால் கூட்டம் மெதுவாகும், ஆனால் அதற்கு அசையாத ஓர் இனம் உண்டு. பறப்பவை பாதையையே கணக்கெடுக்காது, நேரே போகும், அவற்றுக்கென்று தனி டவர் முன்கூட்டியே வேண்டும். பிள்ளைகள் அதிகம் தோற்பது இந்தப் பறக்கும் அலையில்தான். வரப்போகும் அலையின் இனம் திரையில் முன்னாலேயே தெரியும், ஆனால் யாரும் பார்ப்பதில்லை. பரீட்சை நேர அட்டவணையையும் இவர்கள் அப்படித்தான் பார்ப்பதில்லை.

அந்த வாப்பாவை அன்று பிள்ளைகளோடு உட்கார வைத்தோம். அவரும் வாசலடியில்தான் சுவர் கட்டினார். இரண்டு தரம் தோற்றார். மகன் பின்னால் நின்று "வாப்பா, மறிக்காதீங்க, வளைங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அவர் ஏன் வாசலில் கட்டினார் என்பது எங்களுக்கு விளங்கியது. இந்த ஊரில் வேலி என்றால் நம் கண்ணில் வருவது அதுதான்.

நம் நிலைமையை நாமே நமக்குச் சொல்லத் தேவையில்லை. வில்பத்து வடக்கே இருக்கிறது. கச்சான், சோளம், தென்னங்கன்று, வாழை, எது வைத்தாலும் யானைக்குத் தெரிந்துவிடும். காலையில் பிந்தி வரும் பிள்ளையிடம் காரணம் கேட்டால் "ராத்திரி ஆனை சேர், தூங்கல்ல" என்கிறது. அதற்கு மேல் என்ன கேட்பது? முதல் பாடத்திலேயே மேசையில் தலை வைத்துத் தூங்குகிற பிள்ளையை எழுப்பவும் மனம் வருவதில்லை. 2023இல் மட்டும் நாடெங்கும் 180 பேருக்கு மேல் யானையால் இறந்தார்கள். அதே ஆண்டில் 480 யானைகளுக்கு மேல் செத்தன. உலகில் வேறெங்கும் இவ்வளவு மோசமில்லை என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டோம்.

இத்தனைக்கும் நாட்டில் 4,000 கிலோமீற்றருக்கு மேல் மின்வேலி இருக்கிறது. பிறகு ஏன் இப்படி? அந்த வேலிகளில் பெரும் பகுதி எங்கே போகிறது என்று பாருங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் காணி முடிந்து வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் காணி தொடங்கும் எல்லைக் கோட்டில் போகிறது. அந்தப் பக்கமும் காடு, இந்தப் பக்கமும் காடு. இரண்டு பக்கமும் யானை. வரைபடத்தில் இருக்கும் கோடு யானைக்குத் தெரியாது. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் யானை நடமாடுகிறது, அதில் பெரும்பகுதியில் மனிதரும் குடியிருக்கிறோம். ஆக, பூங்காவின் எல்லையில் வேலி போட்டு 'யானை உள்ளே, நாம் வெளியே' என்று நினைப்பது வாசலடியில் சுவர் கட்டுவதற்குச் சமம். விளையாட்டு அதை "முடியாது" என்று தடுத்துவிடும். காட்டில் தடுப்பதற்கு ஆளில்லை, கட்டி முடித்த பிறகு யானை வந்து உடைத்துத்தான் சொல்கிறது.

விரட்டி அடித்து வேலிக்குள் மூடுவதும் செய்து பார்க்கப்பட்ட ஒன்று. தெற்கே லுணுகம்வெஹரவில் அப்படி அடைபட்ட கூட்டங்கள் தீனியில்லாமல் எலும்பும் தோலுமாகின. தோட்டங்களில் அதிகம் சேதம் செய்கிற தனியன்கள் இந்த விரட்டலுக்குச் சிக்குவதும் குறைவு. அவையும் அல்லாஹ்வின் படைப்பு. பசியில் வருகிற உயிருக்குப் பூசணிக்காய்க்குள் வெடி வைப்பதைப் பற்றி இங்கே எழுதவே கை கூசுகிறது. செய்கிறவர்களுக்குத் தெரியும்.

மாற்று வழி ஒன்று நம் மாகாணத்திலேயே இருக்கிறது. குருநாகல் மாவட்டத்தில், கல்கமுவப் பக்கத்துக் கிராமங்களில், கலாநிதி பிரித்திவிராஜ் பெர்ணாந்துவின் ஆய்வுக் குழு கமக்காரர்களோடு சேர்ந்து செய்து காட்டியது. காட்டைச் சுற்றி வேலி போடாமல் ஊரைச் சுற்றிப் போடுவது. வயலைச் சுற்றி இன்னொன்று, அது போகத்துக்கு மட்டும். விதைத்ததும் கட்டி, அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுவது. கழற்றிய பிறகு யானை வந்து தாளைத் தின்றுவிட்டுப் போகும். அது நடக்க ஒரு பாதை திறந்தே இருக்கும். காப்பாற்ற வேண்டியதைச் சுற்றி மட்டும் பலம். 2020இல் அவர் தலைமையில் அமைந்த ஜனாதிபதிக் குழு தந்த தேசிய செயற்திட்டமும் இதைத்தான் முன்வைத்தது. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை வெல்கிற வழியும் இதுதான்.

ஒரு விஷயத்தில் விளையாட்டு நமக்கு உதவாது, அதையும் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம். திரையில் வைத்த டவர் பழுதாகாது. யானை வேலி ஒரு மழையில் பழுதாகும். புல் வளர்ந்து கம்பியில் பட்டால் மின்சாரம் நிலத்துக்குள் போய்விடும். நம் மணல் தரை கோடையில் காய்ந்தால் நிலத்தொடர்பு சரியாகக் கிடைக்காது, கம்பியைத் தொட்டாலும் யானைக்கு அடி விழாது. பற்றரி இறங்கியதை யாரும் பார்க்காவிட்டால் இரண்டு கிழமைக்குள் கெட்டிக்கார யானை கண்டுபிடித்துவிடும். தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதையும் அவை அறிந்து வைத்திருக்கின்றன, தந்தத்தாலேயே கம்பியை அறுக்கும், அல்லது தூணை மிதித்துச் சாய்க்கும். எங்களுக்குத் தெரிந்த ஒரு வேலி திறந்து வைத்த அன்று படம் எடுத்தோம், மாலை போட்டோம். இப்போது அந்தக் கம்பியில் உடுப்புக் காய்கிறது. யாருடைய பிழை என்று பேசத் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது.

கல்கமுவ வேலிகள் நிற்பதற்குக் காரணம் அவை ஊராரின் வேலிகள் என்பது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இத்தனை தூண் என்று பொறுப்பு, புல் வெட்டுவது அவர்கள், பற்றரி பார்ப்பது அவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் பங்கை வெட்டாவிட்டால் யானை வருவது எல்லார் வீட்டுக்கும் என்பதால் கேட்கவும் ஆளுண்டு. நம்மிடம் பள்ளிவாசல் நிர்வாகம் இருக்கிறது, கமக்காரர் அமைப்பு இருக்கிறது, மையித்துக்குக் கபுறு வெட்ட ஒரு மணி நேரத்தில் ஐம்பது பேர் சேர்கிறோம். வேலிக்குப் புல் வெட்ட முடியாது என்று சொல்வது எங்களுக்கு விளங்கவில்லை.

தயவுசெய்து ஒன்று. வீட்டு லைனிலிருந்து நேரடியாகக் கம்பிக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். முறையான வேலியில் விட்டு விட்டு ஒரு நொடிக்கும் குறைவான அடிதான் பாயும், யானையும் பிழைக்கும், தவறித் தொட்ட பிள்ளையும் பிழைக்கும். வீட்டு மின்சாரம் இரண்டு பேரையும் கொல்லும். சட்டப்படி குற்றமும்கூட.

பெரும்போக மழைக்கு முன்னால் பிரதேச செயலகத்தில் இது பற்றிப் பேச்சு வரும்போது நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் 'இன்னும் இத்தனை கிலோமீற்றர் வேலி தாருங்கள்' என்று மட்டும் கேட்டுவிட்டு வர வேண்டாம். எங்கே போடப்போகிறீர்கள் என்று கேளுங்கள். ஊரைச் சுற்றியா, காட்டின் நடுவிலா? பராமரிப்பு யார் கையில்? யானை போக வழி எங்கே விட்டிருக்கிறீர்கள்?

பிள்ளைகள் நம் கிராமத்தின் வரைபடம் ஒன்று வரைந்திருக்கிறார்கள். வீடுகள், கச்சான் காணிகள், குளம், யானை வழக்கமாக இறங்கும் மூன்று இடங்கள், எல்லாம் குறித்திருக்கிறார்கள். வேலி எங்கே வளைய வேண்டும் என்று சிவப்புப் பேனையால் போட்டிருக்கிறார்கள். ஓர் இடத்தில் எங்களுக்கு உடன்பாடில்லை, குளத்தடியை அவர்கள் வேலிக்குள் சேர்த்துவிட்டார்கள். யானைக்குத் தண்ணீர் எங்கே என்று கேட்டோம். யோசிக்கிறார்கள்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு மஃரிப் வரை கணனி அறை திறந்திருக்கும். பெற்றோர் வரலாம், வரைபடத்தைப் பார்க்கலாம், தெரிந்ததைத் திருத்தலாம். இரவு காவலுக்குப் போகிற நானாமார் கட்டாயம் வாருங்கள், யானை இறங்கும் இடம் எங்களை விட உங்களுக்குத்தான் தெரியும். அந்த வாப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மகனை வெல்ல வேண்டுமாம்.