குழந்தை கையில் குப்பி

மதுவின் தீமையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் குடிக்கிறவனைப் பற்றியே பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவனிடம் அடிபடும் மனைவிக்காக இரண்டொரு வார்த்தை இரங்குவோரும் உண்டு. ஆனால், "ஓடிப்போய் வாங்கி வா" என்று காசு கொடுத்து அனுப்பப்படும் குழந்தையைப் பற்றிக் கவலைப்படுவோர் எத்தனை பேர்?

இந்தக் கேள்வியைத் தர்மபுரி ஜில்லாவாசிகளிடம் கேட்பதற்கு விசேஷக் காரணம் இருக்கிறது. 1937-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி, சென்னை மாகாணப் பிரதமராயிருந்த ராஜாஜி முதன் முதலாக மதுவிலக்கைக் கொண்டு வந்தது சேலம் ஜில்லாவில். தர்மபுரியும் அன்று அந்த ஜில்லாவைச் சேர்ந்ததுதான். 1965-ல்தான் தனி ஜில்லாவாயிற்று. ஆகவே, குடியற்ற வீடு எப்படியிருக்கும் என்று நாட்டுக்கே காட்ட முன்வந்த மண் இது.

பிறகு காலம் மாறிற்று. 1971-ல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. 2003-ல் சில்லறை வியாபாரத்தையும் சர்க்கார் ஸ்தாபனமே ஏற்றுக்கொண்டது. இது போதாதென்று, கள்ளச் சரக்கும் கஞ்சாவும் சந்து பொந்துகளில் புகுந்தன. 2008-ம் வருஷம் மே மாதத்தில் கர்நாடகத்திலும், தர்மபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி ஜில்லாவிலும் விஷச் சாராயம் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலி கொண்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கே தாய் தந்தை இருவரையும் ஒருசேர இழந்த குழந்தைகளும் உண்டு. அக்குழந்தைகள் செய்த குற்றந்தான் என்ன?

உயிர் போனால் ஊரே அழுகிறது. உயிர் போகாமல் பாழாகும் குழந்தைகளை யாரும் எண்ணுவதில்லை. மனித மூளை முற்றும் வளர்ச்சி பெற ஏறக்குறைய இருபத்தைந்து வயதாகும் என்கிறார்கள் வைத்தியர்கள். அதற்குள் போதை புகுந்தால் ஞாபக சக்தியும் நிதானமும் கெடுகின்றன. பழக்கமும் இளமையிலேயே வேரூன்றுகிறது.

2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம் இவ்விஷயத்தில் கண்டிப்பாகவே இருக்கிறது. குழந்தைக்கு மதுவோ, போதை மருந்தோ, புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழு வருஷம் வரை கடுங்காவலும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். மதுவையோ போதை மருந்தையோ விற்கவும் சுமக்கவும் குழந்தையை ஏவுவோருக்கும் அதே தண்டனைதான். 'ஏவுவோர்' என்றால் வியாபாரி மட்டுமல்ல. பெற்ற தகப்பனும் அதில் அடக்கம்.

ஏழைக் குடிசைகளைச் சுட்டிக் காட்டி நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். நண்பர்களுடன் மாடியில் உட்கார்ந்து, "சோடா கொண்டு வா" என்று மகனைக் கூப்பிடும் கனவான்களும் இருக்கிறார்கள். விற்பவன் யார் என்பது தெருவுக்கெல்லாம் தெரியும், "நமக்கேன் வம்பு?" என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். அந்தக் கதவுக்கு வெளியேதான் நம் பிள்ளையும் விளையாடுகிறான்!

நேயர்களே! மாலையில் பிள்ளை எங்கே போகிறான், யாரோடு பழகுகிறான் என்று தினந்தோறும் விசாரியுங்கள். அடுத்த வீட்டுக் குழந்தை ஆபத்திலிருப்பது தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யுங்கள். இதற்குப் பணச் செலவு கிடையாது. கொஞ்சம் தைரியம் இருந்தால் போதும்.