துப்பாக்கி கேட்பவர்களின் பேச்சும் பதிவாகட்டும்

தருமபுரி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

தமிழ்நாட்டின் எந்த மலையடி மாவட்டத்திலும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடந்தால், ஏரி, வாய்க்கால், கூட்டுறவுக் கடன், தக்காளி விலை என்று பேச்சு ஓடும்போது நடுவில் ஒருவர் எழுந்து காட்டுப்பன்றியைப் பற்றிப் பேசுவார். சுட அனுமதி கொடுங்கள் என்பார். அதற்கும் மேலே போய், எங்களுக்கே துப்பாக்கி உரிமம் கொடுங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கோரிக்கையைப் பெரும்பாலும் ஆத்திரத்தில் சொன்ன வார்த்தையாக எடுத்துக்கொண்டு அடுத்த மனுவுக்குப் போய்விடுகிறோம். அதை நிறுத்தி, முழுமையாகக் கேட்டு, பதிவுசெய்து, பதில் சொல்ல வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

கேட்பவர்கள் யார்? பாலக்கோடு, மாரண்டஅள்ளி, பென்னாகரம், ஏரியூர்ப் பக்கத்தில் இரண்டு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருப்பவர்கள். ராகியும் நிலக்கடலையும் மரவள்ளியும் போடுபவர்கள். நிலக்கடலை காய் பிடித்ததும் பன்றி வரும். ஒரே இரவில் ஒரு கூட்டம் வந்து போனால், மறுநாள் காலை உழுதுபோட்ட நிலம்போல மண் புரண்டு கிடக்கும். ராகி கதிர் முற்றியதும் யானை வரும். பரண் மேல் தகரத்தைத் தட்டிக்கொண்டும் பட்டாசு கொளுத்திக்கொண்டும் விடிய விடியக் காவல் இருப்பது இந்த ஊர்களில் பயிர் வைப்பதன் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. இரவுத் தூக்கத்துக்கு இழப்பீடு கிடையாது.

இவர்கள் கேட்பதைச் சட்டத்துக்குப் புறம்பான ஆசை என்று தள்ளிவிட முடியாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 13-ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக ஒரு குடிமகன் குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டால் உரிமம் வழங்க வேண்டும் என்றே சொல்கிறது. அந்த வகை போதாது என்று உரிமம் தரும் அதிகாரி கருதினால் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம் என்று சேர்த்துச் சொல்கிறது. எந்தெந்தக் காரணங்களுக்காக மறுக்கலாம் என்பதை 14-ஆம் பிரிவு வரையறுக்கிறது. விண்ணப்பித்தவருக்குப் போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் வைத்து மறுக்கக் கூடாது என்பது அதே பிரிவில் உள்ளது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், கேட்டால் பொதுநலனுக்குக் கேடு இல்லாதவரை அதைக் கொடுக்கவும் வேண்டும். மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. மலையடி உழவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆனால் உரிமம் கையில் இருந்தாலும் பன்றியைச் சுட முடியாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அல்லது அவர் அதிகாரம் அளித்தவரின் எழுத்து ஆணை வேண்டும். துப்பாக்கிக்கு ஒரு அலுவலகம், தோட்டாவை வெளியே விட இன்னொரு அலுவலகம். இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்து உழவரைக் கேட்கும் நாள் ஒன்று வர வேண்டும். குறைதீர் கூட்டத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் ஒன்றிரண்டு நிமிடத்தில் அது நடக்காது.

2025 சனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றி குறித்து ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வந்தால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். காட்டைக் காக்கும் நோக்கில் இது நியாயமான ஏற்பாடு. ஆனால் பாலக்கோடு, பென்னாகரம் காட்டோர ஊர்களின் நிலத்தில் நின்று பாருங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு. பன்றியால் அதிகம் இழப்பவர்கள் அந்த முதல் கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்கள்தான். ஆணை அவர்களைத் தாண்டிப் போய், தொலைவில் இருப்பவர்களுக்குக் கை கொடுக்கிறது. இதைச் சொல்ல வேண்டியவர் அந்த நிலத்துக்காரர். அவரை யாரும் சாட்சியாக அழைக்கவில்லை.

கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை இந்த மாவட்டம் பார்த்துவிட்டது. 2023 மார்ச் மாதம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் ஒரே இரவில் செத்தன. தாயை இழந்த இரண்டு குட்டிகள் அந்தப் பிணங்களைச் சுற்றிச் சுற்றி நின்ற படத்தை நாடே பார்த்தது. நிலத்துக்காரர் கைதானார். அந்த ஆண்டே மின்வேலிகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்த மாநில அரசு விதிகள் கொண்டுவந்தது. மின்கம்பியைத் திருட்டுத்தனமாக இழுப்பவர் யானையைக் கொல்ல நினைத்து இழுப்பதில்லை, பன்றிக்காகத்தான் இழுக்கிறார். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்துத் தோட்டத்து மனிதரும் அந்தக் கம்பியில்தான் மாட்டுகிறார். தீனிக்குள் வைக்கும் நாட்டு வெடியான அவுட்டுக்காயும் அப்படித்தான். பன்றிக்கு வைத்ததை யானைக்குட்டி கடிக்கும், மேய்ச்சலுக்குப் போன மாடு கடிக்கும். வாய் சிதைந்து, தின்ன முடியாமல், நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும்.

உரிமம் பெற்ற துப்பாக்கிக்கு ஒரு எண் உண்டு, ஒரு பெயர் உண்டு, தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டிய கடமை உண்டு. ஆள் பார்த்து, குறி பார்த்து, பொறுப்போடு இயக்க வேண்டிய கருவி அது. கம்பிக்கும் அவுட்டுக்காய்க்கும் கண்ணும் இல்லை, பேரும் இல்லை. துப்பாக்கி கேட்கும் உழவரின் வாதத்தில் இதுதான் எனக்கு வலுவாகப் படுகிறது.

அவருக்கு எதிரான வாதமும் வலுவானதே. அதையும் மறைக்க மாட்டேன். இந்த மாவட்டத்தில் அனுமதியில்லாத நாட்டுத் துப்பாக்கிகள் எத்தனை மலையூர்களில் கூரைக்குள்ளும் புதருக்குள்ளும் இருக்கின்றன என்பது காவல்துறைக்கும் வனத்துறைக்கும் தெரியும். ஒப்படைத்துவிடுங்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். கரிமருந்தும் பால்ரஸ் என்ற சிறு இரும்புக் குண்டும் போட்டுச் சுட்டால் யானை அங்கேயே விழாது. புண் புரையோடி நடந்து நடந்து சாகும். 2025 மார்ச்சில் பென்னாகரம் பக்கம் ஏமனூர்க் காட்டில் தந்தம் அறுக்கப்பட்டு எரிக்கப்பட்ட யானையின் உடல் கிடந்ததை மறக்க முடியாது. பயிருக்கென்று வாங்கும் துப்பாக்கி மான் வேட்டைக்குப் போகும், தந்தத்துக்குப் போகும், குடித்துவிட்டு வரும் சண்டையில் கைக்கு வரும் என்ற அச்சம் பொய்யில்லை. வீட்டில் துப்பாக்கி இருப்பதைப் பற்றி அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டால் வேறு பதில் வரக்கூடும். அவரும் வந்து பேச வேண்டும்.

துப்பாக்கி என்றதும் இங்கே அதிகாரிகளுக்கு ஏன் தயக்கம் வருகிறது என்பதும் புரியாததல்ல. சந்தனக் கடத்தல் வீரப்பன் 2004 அக்டோபர் 18 அன்று சுட்டு வீழ்த்தப்பட்டது நமது பாப்பாரப்பட்டி அருகே. அதற்கு முன் நக்சல் வேட்டைக் காலம். இரண்டு தலைமுறையாகத் துப்பாக்கி என்பது இங்கே காவல்துறைக் கோப்புக்குள் மட்டும் பேசப்பட்ட பொருள். ஆனால் சீருடைக்காரர் மட்டுமே சுட வேண்டும் என்று சொல்லும்போது இன்னொன்றையும் நினைக்க வேண்டும். 1992 சூனில் நம் மாவட்டத்து வாச்சாத்தி கிராம மக்கள்மீது வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து செய்த வன்கொடுமைகளுக்காக 2011-இல் 215 பேர் தண்டிக்கப்பட்டார்கள். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த மலையடி மக்களிடம், துப்பாக்கி எங்களிடமே இருக்கட்டும், நீங்கள் கூப்பிட்டால் வருகிறோம் என்று ஒரு துறை சொன்னால், நம்பிக்கை தானாக வந்துவிடாது. முகத்தைப் பார்த்துப் பேசித்தான் அதைப் பெற வேண்டும்.

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பு உரிமை. அங்கே அதனால் சாகும் குழந்தைகளை நினைத்தால் அந்த உரிமை நமக்கு வேண்டாம் என்றே சொல்வேன். நம் நாட்டில் அந்த விவாதம் முடிந்துவிட்டது. 1931-இல் கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றிருந்தது. 1948 டிசம்பரில் அதை அடிப்படை உரிமையாகச் சேர்க்க எச்.வி. காமத் கொண்டுவந்த திருத்தத்தை அம்பேத்கர் எதிர்த்தார்; அரசியல் நிர்ணய சபை ஏற்கவில்லை. அது சரியான முடிவு. ஆனாலும் அமெரிக்காவிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. அங்கே மாநிலச் சட்டமன்றக் குழு துப்பாக்கி மசோதாவை எடுத்தால், வேட்டைக்காரரும் கடைக்காரரும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் ஒரே அறையில் முறை வைத்துப் பேசுகிறார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒவ்வொரு மசோதாவுக்கும் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறார்கள். பேசுபவரின் பெயரும் அவர் ஆதரவா எதிர்ப்பா என்பதும் பதிவாகின்றன. உறுப்பினர்கள் அவரைக் குறுக்குக் கேள்வி கேட்கிறார்கள். தன் வாதத்தை எல்லார் முன்னாலும் சொல்லி, கேள்விக்கும் நின்று பதில் சொன்னவர், முடிவு பாதகமாக வந்தாலும் கேட்கப்பட்டவராக வீட்டுக்குப் போகிறார்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஒகேனக்கல்லில் விழும் காவிரி பிறக்கும் குடகில், கொடவர்களுக்கும் ஜம்மா என்னும் மரபு நில உரிமை உள்ளவர்களுக்கும் உரிமம் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ள விலக்கு இருக்கிறது. 2019-இல் அது 2029 வரை நீட்டிக்கப்பட்டது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. அது அவர்களின் மரபைச் சார்ந்தது. நாம் அப்படியே கேட்க முடியாது. கேரளத்தின் வழி நமக்கு நெருக்கமானது. 2022 மே மாதத்தில் அந்த அரசு, பயிரழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. உரிமம் பெற்ற உள்ளூர்த் துப்பாக்கிக்காரர்கள் அந்த ஆணையின் பேரில் சுடுகிறார்கள். தனியார் துப்பாக்கி, பொது ஆணை. தருமபுரிக்கு இது பொருந்துமா என்பது என் ஒருவன் கருத்தால் தீர்மானிக்கக் கூடியதில்லை. யானை வழித்தடமும் காவிரி தெற்கு வன உயிரின சரணாலயமும் இங்கே இருக்கின்றன. ஆகவே எல்லாரையும் கேட்க வேண்டும்.

தருமபுரி அருங்காட்சியகத்தில் நிற்கும் நடுகற்களைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். ஆநிரை மீட்டுச் செத்தவர்களுக்குக் கல் நட்ட ஊர் இது. ஊரின் உடைமையைக் காப்பது யார், எந்த ஆயுதத்தால், யார் சொல்லி என்ற கேள்வி இந்த மண்ணில் நேற்று முளைத்ததில்லை.

கல் குவாரிக்கும் தொழிற்சாலைக்கும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறோமே, அப்படி ஒன்றைப் பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி உரிமத்துக்காக மட்டும் நடத்துங்கள். தருமபுரியில் வேண்டாம், பாலக்கோட்டில் ஒன்று, பென்னாகரத்தில் ஒன்று. பரண் காவலுக்குப் போகிறவர் பகலில் ஒரு பேருந்து ஏறி வந்து சேரக் கூடிய இடத்தில். மாவட்ட வன அலுவலரும் காவல் கண்காணிப்பாளரும் தங்களோடு ஒரே வரிசையில் உட்காரட்டும். துப்பாக்கி வேண்டும் என்பவர், வேண்டாம் என்பவர், ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர், மின்வேலியில் உறவை இழந்த குடும்பத்தார், வன உயிரின ஆர்வலர் எல்லாரும் பேசட்டும். பேசியவற்றைத் தமிழில் தட்டச்சு செய்து ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டுங்கள். உரிமம் கேட்டவருக்கு, தருவதாக இருந்தாலும் மறுப்பதாக இருந்தாலும், காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

யானைக்கு எதிராக யாருக்கும் துப்பாக்கி தரக் கூடாது என்று நான் அங்கே வந்து சொல்வேன். பன்றி விஷயத்தில் கேரள வழியை ஒரு வட்டத்தில் ஒரு பருவம் சோதித்துப் பார்க்கலாம் என்றும் சொல்வேன். கூட்டத்தை ராகி கதிர் வாங்கும் முன் வையுங்கள். அதற்குப் பிறகு இந்த உழவர்களால் இரவில் நிலத்தைவிட்டு நகர முடியாது. பகலில் அவர்கள் தூங்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தருமபுரி மாவட்டத்துக் குடிமகன் ஒருவன்