தண்டிப்பவரை நியமித்தது யார்?

2014 பிப்ரவரியில் அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட விடுதியின் லிஃப்டில், அமெரிக்கக் கால்பந்து வீரர் ரே ரைஸ் தான் மணக்கவிருந்த பெண்ணை அடித்து நினைவிழக்கச் செய்தார். அவரை லிஃப்டிலிருந்து இழுத்து வெளியே போடும் காட்சி சில நாட்களிலேயே வெளிவந்தது. ஆனாலும் என்.எஃப்.எல். லீக்கின் ஆணையர் ரோஜர் குடெல் ஜூலையில் விதித்தது இரண்டே ஆட்டத் தடை.

செப்டம்பர் 8 அன்று, லிஃப்டுக்குள் விழுந்த அடியே காணொளியாக வந்தது. அன்றே அணி அவரை நீக்கியது. லீக் காலவரையற்ற தடை விதித்தது. குற்றம் மாறவில்லை, பார்த்தவர்களின் எண்ணிக்கைதான் மாறியது. ரைஸ் நடந்ததை மறைக்கவில்லை என்று சொல்லி, முன்னாள் நீதிபதி பார்பரா ஜோன்ஸ் நவம்பரில் அந்த இரண்டாம் தண்டனையை ரத்து செய்தார்.

'ஆணையர் கடுமையாக இருந்திருக்க வேண்டும்' என்று நம்மில் பலர் சொல்வார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் நான் கேட்பது வேறு: ஆணையர் யாருடைய ஆள்? அணி உரிமையாளர்கள் தேர்ந்தெடுத்து, சம்பளம் கொடுத்து வைத்திருப்பவர். அன்றைய விதிப்படி விசாரிப்பது அவரது அலுவலகம், தண்டிப்பது அவர், மேல்முறையீட்டைக் கேட்பதும் அவர் அல்லது அவர் நியமிப்பவர். நம் ஊரில் இதைக் கட்டப் பஞ்சாயத்து என்போம். அங்கே ஊர் மானம் காப்பாற்றப்படும். இங்கே லீக்கின் பெயர்.

உரிமையாளர் தவறு செய்தால்? கரோலினா பேந்தர்ஸ் உரிமையாளர் ஜெர்ரி ரிச்சர்ட்சன் பெண் ஊழியர்களிடம் அத்துமீறியதாகவும், கறுப்பின ஊழியரை இனவெறிச் சொல்லால் இழிவுபடுத்தியதாகவும் 2017இல் செய்தி வந்தது. லீக் விதித்த அபராதம் 27.5 லட்சம் டாலர். அவர் அணியை விற்றதோ 200 கோடி டாலருக்கும் மேல்.

'கறுப்பின வீரருக்காக வாதாடுகிறாயா?' என்று கேட்கலாம். இல்லை. ஒடுக்கப்பட்ட ஆண் அடித்தாலும் அடி அடிதான். லிஃப்டில் அடி வாங்கியவரும் கறுப்பினப் பெண்தான். அவருக்கு நீதி கிடைப்பது காணொளி கசிவதைப் பொறுத்து இருக்கக் கூடாது என்பதே என் வாதம்.

2020 ஒப்பந்தத்தில், லீக்கும் வீரர் சங்கமும் சேர்ந்து நியமிக்கும் ஒழுங்கு அதிகாரி வந்தார். 2022இல் டெஷான் வாட்சன் மீதான பாலியல் அத்துமீறல் புகார்களில், அந்தப் பொறுப்பிலிருந்த ஓய்வுபெற்ற நீதிபதி சூ ராபின்சன் 6 ஆட்டத் தடை விதித்தார். லீக் மேல்முறையீடு செய்தது. யாரிடம்? குடெல் நியமித்தவரிடம். கடைசியில் 11 ஆட்டத் தடை, 50 லட்சம் டாலர் அபராதம் என்று லீக்கும் சங்கமும் பேசி முடித்தன. தண்டனை கூடியதே என்று மகிழலாம். ஆனால் கடைசி வார்த்தை மீண்டும் ஆணையரின் வாசலுக்கே போனது.

தண்டனை எத்தனை ஆட்டம் என்று எண்ணுவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. மேல்முறையீடும் வெளியாரிடமே போகட்டும். அந்தக் குழுவில் வன்முறைக்கு ஆளான பெண்களோடு பணியாற்றியவர்கள் உட்காரட்டும். வீரருக்கு உள்ள அதே விதி உரிமையாளருக்கும் பொருந்தட்டும். அதுவரை லீக் தருவது முதலாளியின் தண்டனை மட்டுமே. அதை நீதி என்று நாம் கைதட்ட வேண்டியதில்லை.