வெள்ளைப் பல்லும் வெள்ளைத் திட்டும்
உடப்புசல்லாவை பஸார் சலூனொன்றின் கல்யாணப் பெண் அலங்காரப் பட்டியலில், மருதாணிக்கு அடுத்த வரியாகப் பல் வெண்மையாக்கலும் ஏறிவிட்டது. சாயத்தண்ணியும் வெற்றிலையும் வளர்த்த வாய் நமது, ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அதற்குப் பூசும் பெரொக்சைட் ஜெல்லுக்கு அடைத்த பல்லும் கட்டிய பல்லும் வெளுக்காது. சொத்தை இருந்தால் கூச்சம் உயிரை வாங்கும். 0.1 சதவீதத்துக்கு மேல் பெரொக்சைட் உள்ளதைப் பல் வைத்தியர் மூலமாகத்தான் தர வேண்டுமென்று ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது. இங்கே சீப்புப் பிடித்த கையே அதையும் பூசுகிறது. வெற்றிலைக் காவியோ பெரும்பாலும் மேற்படிவுதான், பல் வைத்தியர் சுரண்டிச் சுத்தம் செய்தாலே போகும். என்னை உறுத்துவது வேறு. கொழுந்து மலையில் தேத்தண்ணி குடித்த கையோடு ஒரு வாய் வெற்றிலை போடும் அக்காமார், கன்னத்தின் உட்புறத்தைக் கண்ணாடியில் பார்த்ததுண்டா? புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோய்க் காரணிதான். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவதும் வாய்ப் புற்றுநோயே. துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, மூன்று விரல் நுழையாதபடி இறுகிய வாய், இவைதான் முதலில் கவனிக்க வேண்டிய எச்சரிக்கைகள். பல் வெளுக்கக் காசு சேர்க்கும் மகள், முதலில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடம் போகட்டும். அங்கே வாயைத் திறந்து காட்டக் காசு வேண்டாம்.