அவன் ஓடேல்லை மச்சான்

எங்கட ஹொஸ்டலில் கிழமைக்கு ஒருக்காவாவது இந்த விவாதம் வரும். நவோயா இனோவேயும் கியெர்மோ ரிகொண்டோவும் மோதினால் ஆர் வெல்லுறது? இருவரும் 122 இறாத்தல் பிரிவில் உலக சம்பியனாக இருந்தவர்கள். உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கியூபாக்காரர் பிறந்தது 1980இல், ஜப்பான்காரர் 1993இல். இருவரும் உச்சத்தில் இருக்கும்போது சந்திக்க வழியே இருக்கவில்லை. அதனால் கற்பனையில்தான் மோதவிட வேண்டும். அந்தக் கற்பனையும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். "இனோவே அடிப்பான், மற்றவன் ஓடுவான், எட்டாவது ரவுண்டில பிடிச்சு முடிப்பான்" என்று ஒருத்தன் சொல்லுவான். மற்ற எல்லாரும் தலையாட்டுவினம்.

அந்தத் தலையாட்டலில்தான் எனக்குக் கோபம். தலையாட்டினவர்களில் பாதிப்பேர் ரிகொண்டோவின் ஒரு சண்டையைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. இனோவேயைப் பார்த்திருக்கினம், அதுவும் ரீல்ஸில். 2018இல் பயானோவை 70 செக்கனில் சாய்த்த சண்டை ரீல்ஸுக்கென்றே நடந்த மாதிரி இருக்கும். தவறிப்போன அடிக்கு ரீல்ஸ் இல்லை. நடக்காத ஒன்றை எப்படி வெட்டி ஒட்டுவது?

சரி, நடந்த ஒன்றைப் பார்ப்பம். 2013 ஏப்ரல் 13, நியூயோர்க், ரேடியோ சிற்றி மியூசிக் ஹோல். எதிரே நொனிட்டோ டொனேர். 2012இன் சிறந்த வீரர் என்று அமெரிக்கக் குத்துச்சண்டை எழுத்தாளர்கள் தெரிவு செய்தவர், இடது ஹூக்குக்குப் பேர்போனவர். ரிகொண்டோ சிட்னியிலும் ஏதென்ஸிலும் ஒலிம்பிக் தங்கம் எடுத்தவர்தான், ஆனால் புரொபெஷனலாக அதுவரை 11 சண்டைதான் ஆடியிருந்தார். பலமாக அடிப்பவனுக்கு முதலில் கால் நிலத்தில் ஊன்ற வேண்டும். குதிக்காலிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து தோள் என்றுதான் அந்தப் பலம் ஏறி வருகிறது. ரிகொண்டோ அன்று செய்தது, டொனேரின் காலை ஊன்றவிடாமல் வைத்ததுதான். டொனேர் தூரத்தை அளந்து முடிக்கும்போது அந்தத் தூரம் அரை அடி மாறியிருக்கும். மீறி வீசினால் கை காற்றில் போகும், அந்த இடைவெளிக்குள் ரிகொண்டோவின் இடது கை நேராக வந்து இறங்கும். பத்தாவது சுற்றில் டொனேர் அவரை ஒருமுறை விழுத்தினார். எழும்பி, திரும்பவும் அதே வேலையைச் செய்தார். கடைசிச் சுற்றில் வீங்கின கண்ணைக் கிளவுஸால் பொத்திக்கொண்டு திரிந்தது டொனேர். மூன்று நடுவர்களும் ரிகொண்டோவுக்கே கொடுத்தார்கள்.

ஓடினது ஆர்? கியூபாவை விட்டு 2009இல் அமெரிக்காவுக்குப் போனார், அவர் ஓடின ஓட்டம் அது ஒன்றுதான்.

அந்த வெற்றிக்குக் கிடைத்த பரிசைக் கேளுங்கோ. அவருடைய சொந்த புரமோட்டர் பொப் அரமே, ஓடுகிறார், பார்க்கச் சகிக்கவில்லை என்ற மாதிரிக் குறைப்பட்டார். அடுத்த வருடத்தோடு அந்த ஒப்பந்தமும் போனது. 2015இல், போதுமான சண்டை ஆடவில்லை என்று உலகப் பட்டத்தைப் பறித்தார்கள். சண்டை கொடுக்காமல் விட்டு, சண்டை ஆடேல்லை எண்டு தண்டிக்கிற நியாயம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இனோவே பக்கத்தில் நல்ல வாதங்கள் இல்லாமல் இல்லை. 2023இல் ஸ்டீபன் ஃபுல்டன் என்ற கெட்டிக்காரத் தற்காப்பு வீரரை ஜப்பிலேயே வென்று எட்டாவது சுற்றில் முடித்தார். ரிகொண்டோவை 2014 டிசம்பர் 31இல், ஒசாகாவில், அமகாசா என்ற அவ்வளவு பேரில்லாத ஒருவர் ஒரே சுற்றில் இரண்டு தரம் விழுத்தினார். இனோவே அப்படி விழுத்தியிருந்தால் மூன்றாவது தரம் எழும்ப விட்டிருக்கமாட்டார். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அமகாசாவுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கோவன். முகம் வீங்கி, பதினோராவது சுற்றோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

இன்னொன்று, இனோவேக்கும் இடது கை அடி படும். 2019இல், 37 வயதை எட்டப்போன அதே டொனேர், அதே இடது ஹூக்கால் அவருடைய வலது கண்குழி எலும்பை உடைத்தார். 2024இல் நேரி முதலாவது சுற்றிலேயே விழுத்தினார், 2025இல் கார்டெனாஸ் விழுத்தினார். மூன்று சண்டையையும் இனோவேதான் வென்றார், அது அவருடைய பெருமை. ஆனால் அடிக்கப் போகும் நேரத்தில் அவர் திறந்து கிடப்பார் என்பதும் உண்மை. அந்த நேரத்துக்காகவே வாழ்ந்தவர் ரிகொண்டோ.

அதைவிட வேடிக்கை, 2025 செப்டெம்பரில் நாகோயாவில் அக்மதலியேவுக்கு எதிராக இனோவே நொக்கவுட்டைத் துரத்தவே இல்லை. அடித்தார், விலகினார், 12 சுற்றும் போய்ப் புள்ளியில் வென்றார். எல்லாரும் "மாஸ்டர்கிளாஸ்" எண்டினம். அதையே ரிகொண்டோ செய்தால் ஓட்டமாம்!

2021இல் கசிமேரோவிடம் ரிகொண்டோ தோற்றதைக் காட்டுவார்கள். அப்போது அவருக்கு 41 ஆக ஒன்றரை மாதம்தான் இருந்தது. அலுப்பான சண்டை, ஒத்துக்கொள்கிறேன், அன்று அவர் உண்மையாகவே அதிகம் விலகித்தான் திரிந்தார். ஆனால் கசிமேரோ மட்டும் என்ன பட அடித்தார்? துரத்தினார், வீசினார், பெரும்பாலும் தவறவிட்டார். மூன்றில் இரண்டு நடுவர்கள் அவருக்குக் கொடுத்தார்கள். புள்ளி போடும் அளவுகோல்கள் நான்கில் தற்காப்பும் ஒன்று என்று எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் ஹொஸ்டல் பகிடி என்று விடலாம்தான். ஆனால் 2025 ஓகஸ்டில் டோக்கியோவின் கொரகுவென் ஹோலில் ஒரே நாளில் சண்டையிட்ட இரண்டு பெடியள், இருவருக்கும் 28 வயது, மூளையில் ஏற்பட்ட காயத்தால் அடுத்தடுத்து செத்துப்போனார்கள். அதிகம் அடிபட்ட குத்துச்சண்டை வீரர்களின் நடையும் பேச்சும் தடுமாறுவதை மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928இலேயே எழுதிவிட்டார். அப்படியிருக்க, தலையில் அடிபடாமல் இருக்கத் தெரிந்தவனைப் பார்த்து "கோழை, நிண்டு அடிபடு" என்று ரிக்கற் வாங்கினவன் கத்துகிறான். நாங்கள் ரிக்கற்றும் வாங்காமல் போனில் பார்த்துக்கொண்டு அதையே சொல்கிறோம்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 2013இன் ரிகொண்டோ, 2023இன் இனோவே, 122 இறாத்தல், 12 சுற்று. முதல் ஐந்து சுற்றில் நாலு ரிகொண்டோவுக்கு. ஏழிலோ எட்டிலோ விழுவார், எழும்புவார், இரண்டு சுற்றுக்குக் கட்டிப்பிடித்துச் சமாளிப்பார். கடைசியில் 114-113, ரிகொண்டோ. சனம் கூவும்.

இல்லை எண்டு சொல்லுறவை ரேடியோ சிற்றிச் சண்டையைப் பாத்திட்டு வாங்கோ. ஹைலைட்ஸ் இல்லை, 36 நிமிசமும்.