படித்தது ஒன்று, பார்க்கும் வேலை பத்து: சிறப்புப் பயிற்றுநர் பட்டத்தில் என்ன சிக்கல்?

குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது என்பது பலருக்கும் தெரியும். அதே ஊரில் வேளாண் கல்லூரி இருக்கிறது. வேளாண் அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் மாநில நிலையமும் இருக்கிறது. பயிரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க முறையான படிப்பு வேண்டும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் காது கேளாத குழந்தைக்கும் ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் சொல்லிக்கொடுப்பது என்று வந்தால், ‘அதுக்குப் பொறுமை இருந்தா போதும்ல?’ என்ற எண்ணம்தான் இன்னும் பலரிடம் இருக்கிறது.

பொறுமை வேண்டும்தான். ஆனால் அது மட்டும் போதாது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

சிறப்புப் பயிற்றுநர் என்பவர் யார்?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழகத்தில் ‘சிறப்பாசிரியர்’ என்றால் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி ஆசிரியர்களையும் குறிக்கும். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் கற்பிப்பவரை ‘சிறப்புப் பயிற்றுநர்’ என்கிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலை, வேறு வேறு தகுதி.

குடுமியான்மலை, அன்னவாசல் ஒன்றியத்தில் வருகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் இதுபோல 13 ஒன்றியங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ், சிறப்புப் பயிற்றுநர்கள் வட்டார வள மையத்தை மையமாக வைத்து, பள்ளி பள்ளியாகச் சுற்றி வருகிறார்கள். பள்ளிக்கே வர முடியாத குழந்தைகளுக்கு வீட்டுக்குப் போய்ப் பயிற்சி தருவதும் இவர்கள் வேலைதான்.

என்ன படிக்க வேண்டும்?

1992-ல் நிறைவேறிய இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. இந்தக் குழுமத்தை ஆர்சிஐ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது அங்கீகரித்த சிறப்புக் கல்வி டிப்ளமோ அல்லது சிறப்புக் கல்வி பி.எட். முடிக்க வேண்டும். பட்டம் பெற்றவர்கள் படித்துவந்த சிறப்பு பி.எட். 2 ஆண்டுப் படிப்பு. தமிழகத்தில் முட்டுக்காட்டில் உள்ள தேசிய நிறுவனம் இந்தத் துறைக்கான பயிற்சிகளைத் தருகிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலையில் சிறப்பு பி.எட். வழங்கிவந்திருக்கிறது.

பட்டம் வாங்கினால் மட்டும் வேலை முடியாது. ஆர்சிஐயின் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அந்தப் பதிவைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அதற்குத் தொடர் பயிற்சிகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்க்க வேண்டும். பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

சான்றிதழில் இவ்வளவு கறார் ஏன்?

புதுக்கோட்டைக்குத் தன்னார்வலர்களின் பலம் தெரியும். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது ஊர்க்காரர்களை வைத்துத்தான். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதும் அதோடு சேர்ந்த கதை. அங்கே எழுத்து தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தது.

இங்கே அப்படி இல்லை. பிரெயில் தெரியாதவர் பிரெயில் கற்பிக்க முடியாது. சைகை மொழி தெரியாதவரால் காது கேளாத குழந்தைக்கு ஒரு மொழியைத் தர முடியாது. பேச்சும் மொழியும் வளர்வது முதல் சில ஆண்டுகளில். அந்தக் காலம் வீணானால் பின்னால் ஈடுகட்டுவது மிகக் கடினம். ‘அந்தப் புள்ளை மெதுவாத்தான் படிக்கும்’ என்று ஓரமாக உட்கார வைக்கப்படும் குழந்தைக்கு உண்மையில் கற்றல் குறைபாடா, காது சரியாகக் கேட்கவில்லையா என்று சந்தேகிக்கவே பயிற்சி தேவை.

அப்படியானால் சிக்கல் எங்கே?

சிறப்பு பி.எட். என்பது ஒரே மாதிரியான பட்டம் இல்லை. பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம் என்று பிரிவுகள் உண்டு. மற்ற குறைபாடுகளைப் பற்றிய அறிமுகப் பாடங்கள் இருக்கும். ஆனால் ஆழமான பயிற்சி எடுத்துக்கொண்ட ஒரு பிரிவில்தான்.

வேலை அப்படிப் பிரிந்து வருவதில்லை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. எல்லாவற்றுக்கும் தனிக் கற்பித்தல் முறை தேவையில்லைதான். இருந்தாலும், செவித்திறன் பிரிவில் படித்த ஒருவர் காலையில் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையையும், மதியம் பார்வையற்ற குழந்தையையும் கவனிக்க வேண்டிய நிலை ஒன்றியங்களில் வருகிறது. கையில் இருக்கும் சான்றிதழ் செல்லும். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அது பொருந்தாது.

இதோடு இன்னொன்று: இந்தத் தகுதியெல்லாம் கேட்டு எடுக்கப்பட்டவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள்.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு கணக்கைக் கொடுத்தது. தொடக்கப் பள்ளியில் 10 மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஒரு சிறப்புப் பயிற்றுநர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர். 2022-ல் மத்திய அரசும் இதே விகிதத்தை அறிவித்தது.

2025 மார்ச்சில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. எத்தனை பணியிடங்கள் தேவை என்று மாநிலங்கள் அறிவிக்க வேண்டும், தகுதி உள்ளவர்களை முறையாகத் தேர்வு செய்ய வேண்டும், ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருப்பவர்களைக் குழு அமைத்துப் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

என்ன செய்யலாம்?

10-க்கு ஒருவர் என்று தலைகளை மட்டும் எண்ணினால் பாதி வேலைதான் முடியும். எந்த ஒன்றியத்தில் எந்தக் குறைபாடு உள்ள குழந்தைகள் எத்தனை பேர், அங்கே அந்தப் பிரிவில் படித்தவர் இருக்கிறாரா என்றும் எண்ண வேண்டும். பணியிடங்களைப் பிரிவு வாரியாக அறிவிப்பது அதன் முதல் படி.

அடுத்தது, வேலையில் இருப்பவர்கள் இரண்டாவது ஒரு பிரிவில் தகுதி பெற வழி செய்வது. இங்கிலாந்தில் பள்ளியின் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்பவர், அதற்கான கட்டாயத் தகுதியை 3 ஆண்டுக்குள் பெற வேண்டும். பொறுப்பும் உண்டு, காலக்கெடுவும் உண்டு. இங்கேயும் அப்படிச் செய்யலாம். ஆனால் தொகுப்பூதியத்தில் இருப்பவரிடம் ‘உன் காசில் போய்ப் படி’ என்று சொன்னால் அது நடக்காது. சம்பளத்தோடு விடுப்பும், படிப்புச் செலவும் அரசு தர வேண்டும்.

மூன்றாவது, படிப்பு ஊருக்கு அருகில் வர வேண்டும். புதுக்கோட்டையில் அரசு கல்வியியல் கல்லூரி இருக்கிறது. இதுபோன்ற மாவட்டக் கல்லூரிகளில் சிறப்புக் கல்வி இடங்கள் உருவானால், செய்முறைப் பயிற்சியை அன்னவாசல் போன்ற ஒன்றியங்களின் பள்ளிகளிலேயே நடத்தலாம்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. குழந்தையைத் தனியார் மையத்தில் சேர்க்கும் முன், கற்பிப்பவரின் ஆர்சிஐ பதிவு எண்ணையும் அவர் படித்த பிரிவையும் கேளுங்கள். அப்படிக் கேட்பதில் தவறே இல்லை. மருத்துவரின் பெயர்ப் பலகையில் பதிவு எண் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம் அல்லவா, அதே மாதிரிதான் இதுவும்.

தகுதியைக் கறாராகக் கேட்பது சரி. அந்தத் தகுதிக்கு நிரந்தர வேலையும், அதை விரிவாக்க வாய்ப்பும் தராத அரசு, கறார் பேசும் உரிமையைப் பாதி இழந்துவிடுகிறது.